கோழிக்குப் பவுடர் போட்டவர்

மார்ச் 3

மகராசிக்கு,

நான் சுகம். மகளும் பேத்தியும் சுகமா? பிரசவம் பார்க்க நீ போனதிலிருந்து, அதட்ட ஆளில்லாமல் என் காது பாழாய்க் கிடக்கிறது.

கோழிகளுக்குச் செள்ளுப்பூச்சி வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் நம் சவரக்கடை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, வேப்பெண்ணெய் தடவி, மேலே பவுடரும் அடித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கின்றன. சொறிவது மட்டும் நிற்கவில்லை. எனக்கும் ஏறிவிட்டது. பாதிச் சவரத்தில் வாத்தியார் கத்தினார்: "கன்னத்தில கத்திய வச்சுட்டு நீ சொறிஞ்சா, நான் எப்படிப்பா உட்கார்றது?"

அடைகாக்கும் உன் கோழி வம்புக்காரி முட்டையை விட்டு எழுந்து எழுந்து ஓடுகிறாள். "என் கோழிக்கு ஏதாச்சும் ஆச்சு, மக வீட்டிலேயே இருந்துக்குவேன்" என்றாயே, அது விளையாட்டுக்குத்தானே?

வீட்டுக் காவல்காரன்


மார்ச் 8

கோழிக்குப் பவுடர் போட்டவருக்கு,

மகள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

பூச்சி கோழிமேல் குடியிருப்பதில்லை. கோழிகள் இரவில் உட்காரும் கட்டையின் வெடிப்பில் பகலெல்லாம் ஒளிந்திருக்கும். இருட்டினால் ஏறிக் கடிக்கும். கட்டையில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றுங்கள். காய்ந்ததும் வெடிப்பெல்லாம் வேப்பெண்ணெய் தேயுங்கள். அடைவைத்த வைக்கோலைக் கொளுத்திவிட்டுப் புதிது போடுங்கள், முட்டை ஆறக் கூடாது. சாம்பலும் மணலும் கலந்து குவித்தால், அதுகளே புரண்டு குளிக்கும். நாற்காலி வேண்டாம்.

விளையாட்டா என்கிறீர்கள். மகளோ இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். வம்புக்காரி உட்கார்ந்தாளா என்று எழுதுங்கள், பார்க்கலாம்.

மகராசி


மார்ச் 15

மகராசிக்கு,

வெந்நீர் ஊற்றினேன். வெடிப்பிலிருந்து செக்கச்செவேலென்று ஒரு ஊரே கிளம்பி வந்தது! வைக்கோல் மாற்றும்வரை, முட்டைகளைக் கடையில் முகத்துக்கு வைக்கும் சூடான துண்டில் பொதிந்து மடியில் வைத்திருந்தேன். வாத்தியார் வந்தார். "இருங்க சார், அடையில இருக்கேன்" என்றேன். மனுஷன் குடையை விட்டுவிட்டே ஓடிவிட்டார்.

வம்புக்காரி என்னை நன்றாக ஒரு கொத்து கொத்திவிட்டு உட்கார்ந்தாள். எழவே இல்லை. இன்று காலை அவளுக்கு அடியில் கீச்சென்று ஒரு சத்தம். எத்தனை, என்ன நிறம், ஒன்றும் எழுதமாட்டேன். வந்து பார்.

அடைகாத்தவன்


மார்ச் 19

குஞ்சுகளின் அப்பாவுக்கு,

"பேத்தியவிடக் குஞ்சு பெரிசாம்மா?" என்கிறாள் மகள். "குஞ்சுக்காகப் போகலடி, அடையில உட்கார்ந்த ஆம்பளைய நான் பார்த்ததே இல்ல" என்றேன்.

துணி மடித்தாயிற்று. ஞாயிறு காலை முதல் வண்டியில் வருகிறேன். அழைத்துப்போக வந்தால் சொறியாமல் நில்லுங்கள்.

மகராசி