உமி திரும்பி ஒட்டும் இடம்

என் சிவம் மச்சானுக்கு,

எதையும் எண் போட்டுத்தான் எழுதுவேன் என்று கேலி செய்வாய். இப்போதும் அப்படித்தான்.

1. உன் தொலைநோக்கி நலமாக இருக்கிறது.
2. நீ கடைசியாகக் கேட்டதைச் செய்துவிட்டேன்.
3. நீ இல்லாமல் நாலு பேர் முன்னால் என்னால் கதைக்க முடியாது.

நீ கண்மூடியபின் உன் மனைவிதான் தொலைநோக்கியை என்னிடம் தந்தார். தூசு படியவிடவில்லை.

இந்த நோன்புப் பிறைக்கும் மாவடிப்பள்ளி வயல் வீதியில் சனம் கூடியது. "உங்கட பிறைய எங்கட குழாயாலதான் பாக்கணும்" என்று வருடாவருடம் பாண்டிருப்பிலிருந்து வந்து நின்றவன் நீ. பிறை மறைந்ததும் வரும் இருட்டில், தெற்கே மங்கலாகத் தெரியும் அந்த மேகம் போன்ற திட்டையும் காட்டு என்றுதான் கடைசியாகக் கேட்டாய். நாம் படிப்பித்த காலத்திலிருந்தே நீ கதைப்பாய், நான் குழாயைத் திருப்புவேன். இப்போது கதைக்க யார்?

திருப்பினேன். வாய் திறக்கவில்லை.

மீன் வியாபாரி ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்தார். "என்ன சேர், கண்ணாடில பஞ்சு ஒட்டிக் கிடக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். உன் கண்ணாடியில் பஞ்சா?

"பஞ்சில்ல தம்பி. பக்கத்து விண்மீன் மண்டலம்." என் குரல்தான், மச்சான்! அங்கே பென்னம்பெரிய விண்மீன்கள் கொதிக்கின்றன என்றேன். அவற்றின் கழியூதா ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுற்றியுள்ள ஐதரசன் வாயுவில் பட்டால், நெல்லில் உமி கழல்வதுபோல அணுவிலிருந்து இலத்திரன் கழன்றுவிடும். அதுதான் அயனாக்கம்.

"அப்ப இந்த வெளிச்சம் எங்கால வருது?" என் வயதுடைய வயல்காரர் ஒருவர் கேட்டார்.

"கழண்ட உமி மறுகா ஒட்டக்குள்ள."

"உமி மறுகா ஒட்டுமா சேர்? எந்த மில்லுல?"

"நம்மட மில்லுல ஒட்டாது காக்கா" என்றேன் அந்த வயல்கார அண்ணனிடம். "அங்க ஒட்டும். ஒட்டுற நேரந்தான் இந்த வெளிச்சம்."

வயல்காரர் திரும்பவும் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "அல்லாஹு அக்பர்" என்றார் மெதுவாக. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு கேட்கும்வரை வரிசை கலையவில்லை. பஞ்சு என்றவர் மூன்றாந்தரமும் வந்து நின்றார்.

"நீ வாயு மச்சான், ஆராவது அடிச்சாத்தான் வெளிச்சம் வரும்" என்பாயே. அடித்தது ஒரு மீன் வியாபாரி. உனக்குக் கேட்டதா?

பெருநாள் பிறைக்கும் குழாயோடு போவேன். கால் நடக்கும் வரைக்கும் போவேன், இது வாக்கு.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. வெட்டாமல் விட்டிருக்கிறேன், நீ பார்த்துச் சிரிக்க.

உன் கல்முனைக்குடி மச்சான்,
காசிம்