பிஸ்வாஸ் கடைக்குப் போய்வந்தேன்

மாயாபந்தர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் தயவில் நானும் அம்மாவும் நலம், அங்கே உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் அவனே காக்கட்டும். நீ நன்றாக இருப்பதாகப் போர்ட் பிளேரிலிருந்து உன் அக்கா ரூபா சொன்னாள். மூன்று வாரமாக என் போனை நீ எடுப்பதில்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை, எடுத்திருந்தாலும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்திருப்பேன். அதனால்தான் கடிதம். மழைதான் இங்கே விட்டபாடில்லை. கப்பல் இரண்டு தடவை ரத்தாகி, தக்காளியைக் கண்ணால் பார்த்துப் பத்து நாளாகிறது, அம்மா புளியை வைத்தே காலம் தள்ளுகிறாள். முழங்கால் வலி அவளுக்குக் கொஞ்சம் தேவலை. என்னோடுதான் சரியாகப் பேசுவதில்லை. காரணம் உனக்குத் தெரியும்.

கேஸ்ட்ரோபப் என்றால் சாப்பாடும் நன்றாக இருக்கிற பீர்க்கடை என்று நீ ஒளிக்காமல்தான் சொன்னாய். அதில் முதல் பாதியை மட்டும் நான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்குப் பெங்களூர் இந்திராநகரில் நீ சமைக்கிற அந்தக் கடைக்குள் நுழைந்தபோதே எனக்குக் கால் கூசியது. பழைய பங்களா, நடுவே மரம், சாப்பிடுகிற இடத்தில் ஏன் இவ்வளவு இருட்டு என்று தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரச் செம்புப் பாத்திரங்களைப் பார்த்து, கல்யாண வீடு மாதிரி அண்டா அண்டாவாகச் சமைக்கிறார்களே என்று அம்மா பூரித்தாள். அது பீர் தயாரிக்கிற இடம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் வெயிட்டரிடம் இந்தியில் பேசினார். இரண்டு வார்த்தையிலேயே நம் தீவு இந்தி என்று தெரிந்துவிட்டது, மெயின்லேண்ட்காரர் எவரும் அப்படிப் பேசமாட்டார். ஜெட்டி டிக்கெட் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் பேசிய வாய் சும்மா இருக்குமா, எந்த ஊர் என்று கேட்டேன். டிக்லிபூரில் ஹார்டுவேர் கடை, பெயர் பிஸ்வாஸ், மனைவியின் கண் ஆபரேஷனுக்காக வந்து இரண்டு வாரமாகிறது என்றார். கடல் தாண்டிவிட்டால் தீவுக்காரர் எல்லோரும் நமக்குச் சொந்தம்தானே, கட்டிப்பிடிக்காத குறை. அதற்குப் பிறகுதான் உறைத்தது. டிக்லிபூர் நமக்கு மூன்று மணி நேர பஸ் தூரம். முருகன் கோயில் கமிட்டிச் செயலாளரின் மகள் பீர்க்கடையில் சமைக்கிறாள் என்ற செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து நீ வெள்ளைக் கோட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். அம்மா வைக்கிற மீன்குழம்பைச் சுண்டவைத்து, மொறுமொறு ரொட்டிமேல் மீனோடு வைத்திருந்தாய். இவரை உங்களுக்குத் தெரியுமா என்று பிஸ்வாஸ் என்னிடம் கேட்டார். “அப்னே காவ் கீ லட்கீ ஹை” என்றேன். நம் ஊர்ப் பெண் என்று சொன்னேனே தவிர என் மகள் என்று சொல்லவில்லை. நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். “சாப்பிடுங்க சார்” என்று தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அம்மா அதைத் தொடவே இல்லை. நான் வழித்துச் சாப்பிட்டேன், பொய் சொன்ன வாய்க்கும் அது ருசித்தது, அதுதான் கொடுமை. ரூமுக்கு வந்ததும், “பெத்த பிள்ளைய யாரோ எவரோன்னு சொல்லிட்டீகளே” என்றாள் அம்மா. அதோடு சரி.

ஊருக்கு வந்தும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை விடிந்ததும், பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டிக்லிபூர் பஸ் ஏறினேன். பிஸ்வாஸ் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அன்றைக்குத் தட்டு கொண்டுவந்த பெண் என் சொந்த மகள், நான் மறைத்துவிட்டேன் என்றேன். கடையில் நாலு பேர் நின்றார்கள், இருக்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, டீ சொல்லி, “மாலூம் தா, தாதா” என்றார். எனக்கு அன்றைக்கே தெரியும் அண்ணே என்று. நம் தீவுக்காரர் என்று தெரிந்து, ஆபரேஷன் ஆன நாளிலிருந்து தினமும் அவர் மனைவிக்கு நீ சோறும் மீன்குழம்பும் கட்டிக் கொடுத்தாயாம். எங்கப்பாவுக்கு இந்த இடம் கூச்சமாக இருக்கும், நம் தீவு ஆள் ஒருத்தர் பேச்சுத் துணைக்கு இருந்தால் சரியாகிவிடுவார் என்று சொல்லி, நீதான் அவரைப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்தாயாம். நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றுதான் அன்றைக்குத் தெரியுமா என்று கேட்டேன் என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டேன் கார்த்திகா. எனக்குத் துணையாக நீ உட்கார வைத்த மனிதருக்குப் பயந்து உன்னையே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில், என் மகள் பெங்களூரில் பீர் விற்கிற கடையில் தலைமைச் சமையல்காரி, பதினாலு பேர் அவள் சொல்லுக்கு வேலை செய்கிறார்கள் என்று நானாகவே சொன்னேன். பாலசுப்பிரமணியம் முகத்தைச் சுளித்தார். ஒச்சப்பன், “அது கெடக்கட்டும், சாப்பாடு எப்படி?” என்று கேட்டார். அதைச் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. செயலாளர் பதவியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் செய்தது தப்பு மகளே. எப்போது மனசு வருகிறதோ அப்போது மன்னித்தால் போதும், அவசரமில்லை. தட்டை வைக்கும்போது உன் மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பைப் பார்த்தேன், மருந்து போடு. ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டுவிட்டு நீ நின்றுகொண்டே சாப்பிடாதே. கருவாட்டுப் பார்சல் அனுப்பியிருக்கிறோம், ரூமுக்குள் பிரிக்காதே, வீட்டு ஓனர் சண்டைக்கு வருவார். தை மாதம் வர டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவும் நானும் அதே மேஜையில் உட்காருவோம், அக்கம்பக்கத்தில் யார் இருந்தாலும் சரி. நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கார்த்திகாவின் அப்பா
ஆவுடையப்பன்