நீ நின்ற கேட்

அம்மா,

இன்று மாலை கராஜில், பனியில் சறுக்கும் என் ஸ்கீ பலகைகளுக்கு மெழுகு போட்டேன். சூடான இஸ்திரிப் பெட்டியில் மெழுகுக் கட்டி பட்டதும் அந்தப் பழைய வாசனை எழுந்தது. "சாம்பார்லகூட இந்த வாசனைதான் வருது" என்று நீ சலித்துக்கொள்வாய். நீ போன பிறகு வரும் முதல் பனிக்காலம் இது. வாசனை விரலில் இருக்கும்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து நாம் சான் ரமோனுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. பள்ளித் தோழியின் குடும்பத்தோடு டாஹோ மலைக்குப் போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வந்தவள், மறுபடி போகவேண்டும் என்று அடம்பிடித்தேன். தெரிந்தவர் வீட்டுப் பெண்களெல்லாம் பரதநாட்டியத்துக்குப் போனபோது நீ என்னை ஸ்கீ ரேஸ் கிளப்பில் சேர்த்தாய். உனக்குக் குளிரே ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் புடவையை மடித்து வைத்துவிட்டு, அப்பாவின் பழைய ஜாக்கெட்டுக்குள் புகுந்துகொண்டு காரில் ஏறுவாய். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி டப்பா உன் மடியில் இருக்கும்.

பந்தயம் நடக்கும் நாட்களில் பெற்றோரும் ஏதாவது வேலை பார்க்கவேண்டும் என்பது கிளப் வழக்கம். மற்ற அம்மாக்கள் சூடான ஹாலில் காபி ஊற்றினார்கள். நீ கேட் ஜட்ஜ் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். சரிவில் வரிசையாக நட்டிருக்கும் கம்பங்கள்தான் கேட்; அவற்றை நாங்கள் வளைந்து வளைந்து கடந்து இறங்கவேண்டும். இரண்டு ஸ்கீயின் முனையும் கம்பத்தின் சரியான பக்கமாகப் போகவேண்டும். ஒன்று மாறிப் போனாலும் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். அதைப் பார்த்துச் சொல்வதுதான் உன் வேலை. பனியில் மணிக்கணக்கில் நிற்பாய்.

எனக்குப் பதினைந்து வயதானபோது மாநில அணிக்கான தேர்வுப் பந்தயம் நடந்தது. அன்று நான் இறங்கியதுபோல் அதற்கு முன் இறங்கியதில்லை. கீழே போர்டில் மூன்றாவது இடத்தில் என் பெயர் வந்தது. அணியில் இடம் உறுதி என்று கோச் என் தோளைத் தட்டினார். சற்று நேரத்தில் பெயர் அழிந்தது. நடுவில் ஒரு கேட்டில் என் இடது ஸ்கீ மாறிப் போயிருந்ததாம். அந்தக் கேட்டில் நின்றது நீ.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா காரை ஃப்ரீவேயில் ஏற்றினார். பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.

"வேற யாருமே பாக்கலம்மா. நீ மட்டும்தான் பாத்தே."

"ஆமா. நான் பாத்தேன்."

"எனக்கே தெரியல, ஸ்கீ மாறிப் போச்சுன்னு."

"உனக்குத் தெரிஞ்சிருக்காது. அவ்ளோ வேகம்."

"நீ என் அம்மாதானே?"

"அதுக்காக? உனக்கு அப்புறம் ஒரு பொண்ணு இதே மாதிரி கேட்டை விட்டுட்டா. அவளையும் எழுதிக் குடுத்தேன். அவ அம்மா முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நான் உன்னோடு பேச ஒரு வாரம் ஆனது. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, சமாதானம் செய்யவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் இட்லி கட்டினாய்.

மறு வருஷம் அணியில் இடம் கிடைத்தது. பொங்கல் விழாவில் ஒரு ஆன்ட்டி, "ஒலிம்பிக்ஸ் எப்போ?" என்று கேட்டபோது, "இவளைவிட நல்லா பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. இவளும் நல்லாதான் பண்றா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நீ "இன்னிக்கு நல்லா வந்தே" என்று சொன்ன நாட்களில் நான் உண்மையிலேயே நன்றாக வந்திருப்பேன்.

கல்லூரி அணிக்காகக் கொலராடோ போன இரண்டாம் வருஷம் விழுந்தேன். முழங்காலில் தசைநார் அறுந்தது. ஆபரேஷன், பிசியோதெரபி, திரும்ப மலை. கால் தேறிவிட்டது, பந்தயத்தை முடிக்கும் நேரம்தான் தேறவில்லை. தன்னம்பிக்கை தானாக வரும் என்றார் கோச். தோழிகளும் அதையே சொன்னார்கள். ஒரு பந்தயம் பார்க்க நீ வந்திருந்தாய்; முடிந்ததும் நீ நின்ற இடத்துக்கு வந்து கேட்டேன்.

"நான் பயப்படறேனாம்மா?"

நீ யோசித்துத்தான் சொன்னாய். "ஆமா. முன்னாடியெல்லாம் செங்குத்தா இறங்குற இடத்துல உடம்பு கீழ பாத்து சாயும். இப்ப பின்னாடி உக்காருது."

"சரியாகுமா?"

"அது எனக்குத் தெரியாது. பாத்ததைத்தான் சொல்ல முடியும்."

அந்தப் பருவத்தோடு பந்தயத்தை விட்டேன். நான் அவசரப்பட்டுவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழுதேன், ஆனால் சந்தேகம் வரவில்லை.

போன வசந்தத்தில் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. டாக்டர் அடுத்த மருந்து, அதற்கடுத்த மருந்து என்று பேசினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு மத்தியானம் அவர் காபி வாங்கப் போனபோது நீ என் பக்கம் திரும்பினாய்.

"ஆளாளுக்கு ஏதோ சொல்றாங்க. நீ சொல்லு. எனக்கு நல்லாயிடுமா?"

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா. நல்லாகாது."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு, "சரி. அப்போ வீட்டுக்குப் போயிடலாம். அப்பாகிட்ட நானே பேசறேன்" என்றாய்.

வீட்டில் உனக்குச் சில வாரங்கள் கிடைத்தன. திருச்சியிலிருக்கும் சித்தியோடு தினமும் போனில் பேசினாய். காரம் கூடாது என்ற அப்பாவோடு சண்டை போட்டு வற்றல் குழம்பு சாப்பிட்டாய். உன் புடவைகளை யாருக்கு எது என்று நீயே பிரித்தாய்.

என் மெடல்கள் எந்த அட்டைப்பெட்டியில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று அந்த அறைக்கு டாக்டர் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார், அப்பாவும் காபி வாங்கப் போன நேரம் தவிர உன் பக்கத்திலேயேதான் இருந்தார். ஆனால் உண்மையை நீ என்னிடம்தான் கேட்டாய். நான் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான்.