பந்தல் வெயிலில் தெரியாத பொத்தான்கள்

இன்று காலை உன் மனைவி உன் லேப்டாப்பை ஒரு துணிப்பையில் வைத்துக் என் கடைக்குக் கொண்டுவந்தாள். திறந்ததும் கீபோர்டு எழுத்துகளின் இடுக்கில் காய்ந்த பிச்சிப்பூ இதழ்கள். எந்தக் கல்யாணத்துப் பூவோ. "அண்ணாச்சி, பாப்பா காலேஜுக்குக் கொண்டு போகணுங்கா. பாட்டையெல்லாம் அழிச்சுக் குடுங்க" என்றாள். அழிப்பதற்குமுன் உன் மீடியா ப்ளேயரைத் திறந்தேன். நான் வரைந்து தந்த ஐகான்கள் அப்படியே இருந்தன.

அது ஒரு மார்கழி. கல்யாணம் கிடையாது என்பதால் உன் மைக் செட்டுக்கும் வேலையில்லை, என் ஃபிளெக்ஸ் கடைக்கும் வேலையில்லை. உன் ப்ளேயரின் பொத்தான்களுக்குப் புதுத் தோற்றம், புதுத் தீம் ஒன்று செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு பொத்தானையும் தனிப்படமாக வரைந்து, ப்ளேயர் கேட்கிற அதே பெயரில் சேமிக்க வேண்டும். பெயர் பிசகினால் பழைய படமே வந்து நிற்கும். நீ பக்கத்து ஸ்டூலில் இருந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"மக்கா, நிப்பாட்டுறத மட்டும் செவப்பா, பெருசா வையி. அவசரத்துல கண்ணு கலரத்தாம்ல தேடும்."

"ஏலே, இது என்ன பஸ் ஸ்டாண்டு சிக்னலா?" என்று சிரித்தேன். கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற மெல்லிய கோடுகளாக எல்லாவற்றையும் வரைந்து இணையத்திலும் ஏற்றினேன். முகம் தெரியாதவர்கள் பாராட்டினார்கள். அதை உன்னிடமே வாசித்துக் காட்டினேன். "நீ செஞ்சா சரியாத்தாம்ல இருக்கும்" என்றாய்.

தை பிறந்ததும் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பேனர் கட்ட நானும் வந்திருந்தேன். பந்தல் கீற்றுக்குள் இறங்கிய வெயில் நேராக உன் திரையில் விழுந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் பெரியவர் ஒருவர் "கெட்டிமேளம்" என்று கையை உயர்த்தினார். ஓடுகிற பாட்டை நிறுத்திவிட்டு நீ மேளத்தைப் போட வேண்டும். நிறுத்துவதாக நினைத்து அடுத்த பாட்டுக்கான பொத்தானை அமுக்கினாய். ஏதோ இழவு வீட்டுக்குப் போட்டு லிஸ்டில் அழிக்காமல் கிடந்திருக்கிறது, பந்தல் முழுக்க ஒப்பாரிப் பாட்டு.

பெண்ணின் தாய் தலையில் கைவைத்து அழுதாள். தாய்மாமன் உன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ஏலே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" நீ ஒருமுறை என்னைப் பார்த்தாய். நான் ஏற்கெனவே கட்டி முடித்த பேனர் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். "நாந்தாம்ல அவசரப்பட்டுட்டேன். நீ மனசுல வச்சுக்காத." அதோடு அந்தப் பக்கத்து வேலைகள் உனக்கு வராமலே போயின. நீ மறுபடி சிவப்பு கேட்கவில்லை. நானும் மாற்றவில்லை. மாற்றினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்ற வீம்பு. போன மாசியில் ஸ்பீக்கர் தூக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவில்லை. உன் கண்ணீர் அஞ்சலி பேனரையும் நான்தான் அடித்தேன்.

பழைய ஐகான்களுக்குத் திரும்ப ஒரு க்ளிக் போதும் என்பது உனக்குத் தெரியும். நானே சொல்லித் தந்ததுதான். பிறகு ஏன் மாற்றாமல் வைத்திருந்தாய்? வாய்விட்டே கேட்டுவிட்டேன் போல. உன் மனைவி சொன்னாள்: "அந்தக் கல்யாணத்தன்னைக்கே நான் சொன்னேன் அண்ணாச்சி, மாத்துங்கன்னு. 'அவன் ஆசையாச் செஞ்சு குடுத்தது. மாத்தினா மொகம் வாடிரும்'னுட்டாவ."

நீ சிவப்பு கேட்டதை, நான் சிரித்ததை அவளிடமாவது சொல்லியிருக்கலாம். "சாயங்காலம் வாங்க, அழிச்சு வைக்கேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்தத் தீமுக்கு இப்போதும் பாராட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. அன்று பந்தலில் "தப்பு என்னுது" என்று சொல்லாத அதே வாயோடுதான் இன்னும் திரிகிறேன்.