அப்பா வார்த்த சட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வார்த்துக் கொடுத்த இரும்புச் சட்டியில் நேற்று பீச் பழக் காப்ளர் என்ற இனிப்பைச் செய்தேன். சுலபம்தான். உருக்கிய வெண்ணெயில் மாவை ஊற்றி, மேலே பழத்தைப் பரப்பி, கிளறாமல் ஓவனில் வைத்தால் மாவு தானே எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும்.

சட்டியோடு அலுவலகத்துக்குத் தூக்கிப் போனேன். பக்கத்து மேசைக்காரி வாங்கிப் பார்த்து, "அம்மாடி, என்ன கனம்! எங்கடி வாங்கின?" என்றாள்.

"எங்கப்பா வார்த்தது. இரும்பு வார்க்கிற பட்டறையில வேலை பாக்கிறார்."

"மேனேஜர்னுல்ல சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"சரி, எனக்கும் ஒண்ணு வார்த்துத் தரச் சொல்லு" என்று கரண்டியை எடுத்தாள்.

போன வருடம் எங்கள் அலுவலகக் குடும்ப விழா ரத்தாகிவிட்டது என்று எழுதினேன் அல்லவா? ரத்தாகவில்லை, அப்பா. இந்த வருடம் பத்தாம் தேதி. உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன், வந்துவிடுங்கள்.

உங்கள் மகள்