சிவகுரு மாமாவின் சத்தியக் கடதாசி

1987 பெப்ரவரி 3, செவ்வாய்

மைனஸ் இருபத்திரண்டு. மூக்குக்குள்ளேயே உறைகிறது. பள்ளி நூலகத்துத் தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் சிவகுரு மாமா கண்டதைச் சொல்லும் சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் முடித்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி எழுதியிருக்கிறார்: கண்ணால் கண்டவர் சத்தியக் கடதாசி தந்தால், பெரியப்பாவின் கொலை வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாமாம்.

நடந்தது, நான் பிறக்குமுன். ஊர்த் தேநீர்க் கடையில் எங்கள் சாதியினர் வெளியே நின்று போத்தலில்தான் தேநீர் குடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு உள்ளே, கிளாஸில். பெரியப்பா உள்ளே போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கிளாஸில் கேட்டார். வாசலில் வைத்து ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். சாட்சிக்கு ஒருவரும் வரவில்லை. வழக்கு மூடப்பட்டது.

அன்று அங்கே தேநீர் ஆற்றியவர் சிவகுரு மாமா. மாமா என்று கூப்பிட்டாலும் சொந்தம் இல்லை; உள்ளே இருந்து குடிக்கும் சாதி. இப்போது இந்தக் குளிர் நாட்டில், டவுன்டவுன் உணவகத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறார்.

7, சனி

மாமா வந்தார். தட்டச்சு செய்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா வைத்த தேநீரை மாமா தொடவில்லை. அம்மா கோப்பையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஏன், எங்கடை வீட்டுத் தேத்தண்ணி இறங்காதோ?"

"ஐயோ அக்கா, அப்பிடியில்லை. உந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு எப்பிடிக் குடிக்கிறது?"

அப்பா: "அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

"பதினேழு வயசு அண்ணை. கடை முதலாளி என்ர சித்தப்பா."

போகும்போது ஆறின தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

10, செவ்வாய்

பிரெஞ்சுச் சோதனை, இருபதுக்குப் பதினெட்டு. பள்ளி முடிய மெட்ரோவில் அப்பா, மாமா, நான் மூவரும் சத்தியம் வாங்கும் அலுவலகத்துக்கு. அங்கிருந்த பெண் அடையாள அட்டை கேட்டார். மாமா எடுத்து நீட்டினார். அதில் பெயர் இராசநாயகம்!

மறந்தே போனோம். மாமா வேறு ஆளின் பாஸ்போட்டில் வந்தவர். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. அதனால் எனக்கு மூளையில் ஓடவேயில்லை. முட்டாள் நான். கடதாசியில் சிவகுரு, அட்டையில் வேறு பெயர்; கையெழுத்து இல்லாமலே கடதாசி திரும்பி வந்தது.

11, புதன்

"அட்டையிலை இருக்கிற பேரிலையே கையெழுத்து வைச்சால்?" என்று கேட்டேன்.

அப்பா: "அந்தப் பேரிலை ஒருத்தரும் அந்தக் கடையிலை வேலை செய்யேல்லை. கோர்ட்டிலை சிரிப்பாங்கள்."

சொந்தப் பெயரைச் சொன்னால், இராசநாயகம் என்று பதிந்த மாமாவின் அகதி வழக்கு கெட்டுவிடும். திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

அப்பா திரும்பவும்: "என்ர அண்ணைக்கு நீதி கேட்கப் போய் இவனைப் பிளேனிலை ஏத்திறதே?"

அம்மா: "இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன்தானே."

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் எரிச்சல். குத்தியவன் ஊரில் சொந்தப் பெயரோடு இருக்கிறான்.

அந்த இரண்டு பக்கமும் புவியியல் புத்தகத்துக்குள்.

22, ஞாயிறு

பனி இளகித் தெருவெல்லாம் சேறு. சப்பாத்து நாசம்.

மாமா தன் அகதி விசாரணைப் படிவத்தை நிரப்பக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் யாருடைய படிவம் என்றாலும் நான் முதலில் பென்சிலால்தான் நிரப்புவேன், பிழை வந்தால் அழிக்கலாம். அம்மா தேநீர் வைத்தார். இந்த முறை மாமா சூட்டோடு குடித்தார்.

நாலாவது கேள்வி: வேறு பெயர் ஏதும் உண்டா? எல்லோருக்கும் எழுதுவதுபோல "இல்லை" எழுதப் போனேன்.

"பொறு பிள்ளை. சிவகுரு எண்டு எழுது. பிறகு உன்ர ரெண்டு பக்கத்திலையும் அந்தப் பேரிலை கையெழுத்து வைக்கிறன்."

அப்பா எழும்பி வந்தார். "உனக்கென்ன விசரே?"

"ஓம் அண்ணை, விசர்தான். கெதியா எழுது பிள்ளை, என்ர மனம் மாறமுதல்."

எழுதக் குனிந்தேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"பென்சிலாலை வேண்டாம். பேனையை எடு."