கார்டுக்குத் தண்ணி வேண்டாம்

என்னங்க,

நேத்து கோவத்துல ரெண்டு பேரும் பேசவே இல்ல. அதனால நானே முடிவு எடுத்துட்டேன்: உங்க கம்ப்யூட்டரோட கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங் வேண்டாம்.

மழைக்குப் பூசணம் பிடிச்சிரும்னு அதைக் கொண்டுபோய் ஏலக்காய் டிரையரை ஒட்டின ரூம்ல வச்சது யாரு? காய் காயுற சூட்டுல கார்டும் சேர்ந்து காயுது. உடும்பஞ்சோலைக் குளிர்ல உட்கார்ந்துக்கிட்டு, சூட்டைக் குறைக்கத் தண்ணிக் குழாய் போடணும்ங்கிறீங்களே, ஊரே சிரிக்கும்.

காலைல நீங்க தோட்டத்துக்குப் போனதும் எல்லாத்தையும் நம்ம படுக்கிற ரூம்ல மாட்டிட்டேன். உங்க கார் ரேஸ் கேமை அரைமணி நேரம் ஓட்டியும் பார்த்தேன். எண்பத்தெட்டு டிகிரில நின்ன சூடு அறுபத்தாறைத் தாண்டல. ரெண்டு தடவை பள்ளத்துல விழுந்தேன், அதுக்குக் கார்டைக் குத்தம் சொல்லாதீங்க. பூசணத்துக்கும் பயப்பட வேண்டாம், தினமும் ஓடுற மெஷின்ல ஈரம் தங்காது.

வாட்டர் கூலிங் மாட்டுறதுக்குக் கம்ப்யூட்டர் கடை ஜோமோன் சாயங்காலம் வருவான். பால் ஊத்தாத கட்டன் சாயா கொடுத்து, கொண்டுவந்த சாமானோட திருப்பி அனுப்புங்க. கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். நான் சர்ச்ல பாட்டுப் பழகிட்டு வந்துர்றேன்.

ஷிஜி

அந்த டிரையர் பக்கத்து ரூம் சாவி எங்கிட்ட இருக்கு. தேடாதீங்க.

இன்னொண்ணு. கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் என் தூக்கத்தைக் கெடுக்குமோன்னு யோசிக்காதீங்க. நீங்க ராத்திரி அந்த ரூம்ல போய்க் கிடந்தப்பதான் எனக்குத் தூக்கம் வரல.